கியர் ஆயில் வடியிற வரைக்கும்

கியர்பாக்ஸ்ல மேல் நட்டைத் தொறந்து பாத்துட்டுத்தான் கீழ் நட்டுல கை வைக்கணும்னு எனக்குத் தெரியும், அது கூடத் தெரியாமயா கோணிச்சாக்கை விரிச்சு காருக்கு அடியில மல்லாந்து கெடக்கேன், ஆனா அம்மா வாசப்படியில நின்னுக்கிட்டு "மொதல்ல மேல தொறந்தியாடி?"ன்னு திரும்பத் திரும்பக் கேக்குது. தொறந்துட்டேன்மா, நட்டு கையில இருக்கு, கோர்ட்டுல தாக்கல் பண்ணட்டுமா? "பண்ணு, அப்படியே அந்த சுடிதாரையும் நீயே தொவைச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. கீழ இருக்கறதைத் தொறந்து பழசை வடிய விட்டுட்டு, அப்பறம் புதுசு ஊத்தற மேல் நட்டு துருப்பிடிச்சு வரமாட்டேன்னா வண்டி அங்கயே சமாதி, இது வீடியோ போடற பயலுக எல்லாம் சொல்றதுதான். நாலு பக்கமும் பஞ்சர் கடையில வாடகைக்கு வாங்குன ஸ்டாண்டு முட்டுக்குடுத்து, வண்டி மட்டமா நிக்குதான்னு ஒரு தட்டுல தண்ணி ஊத்தி வெச்சுக் கூடப் பாத்தேன். நான் எதையும் அரைகுறையா செய்யற ஆள் இல்ல. லா காலேஜ்ல என்னைக் கண்டா பாதிப் பேரு வேற பெஞ்சுக்கு ஓடுறான்னா அது என் வாய்க்காக மட்டும் இல்ல, நான் படிச்சுட்டு வந்து சண்டை போடறதால. இன்னைக்குச் சண்டை அம்மா கூட. சாயங்காலம் மணப்பாறையில இருந்து சேவியர்னு ஒருத்தர் வர்றாரு, வண்டியை ஓட்டிட்டுப் போறதுக்கு. கியர்பாக்ஸ் போயிடுச்சு, செகண்டு கியர் கத்துது, இனிமே இதை வெச்சு மாரடிக்க முடியாது, வித்துடறேன்னு அம்மா முடிவே பண்ணிடுச்சு, என்னை ஒரு வார்த்தை கேக்காம. காலையில இட்லித் தட்டைத் தள்ளி வெச்சுட்டுக் கேட்டேன், கடைசியா எப்பம்மா கியர் ஆயில் மாத்துன? முழிச்சுச்சு. என்ஜின் ஆயில் மட்டும் மாத்திக்கிட்டே இருந்தா போதுமா, கியர்பாக்ஸ் என்ன பட்டினி கெடக்கணுமா, நீ பண்ணுன தப்புக்கு வண்டியைத் தூக்குல போடுவியா? கடைசியில எரிச்சல் தாங்காம அம்மாவே சொல்லுச்சு, "சரிடி, மாத்து. சாயங்காலம் நான் ஓட்டிப் பாப்பேன். செகண்டு கத்தாம விழுந்தா விக்கலை. கத்துச்சுன்னா நீ வாயைத் தொறக்கவே கூடாது." ஒப்பந்தம். நான் ஜெயிக்கிற கேஸைத்தான் எடுப்பேன்.

ராட்செட் ஸ்பேனரை ரெண்டு கையாலயும் புடிச்சு இழுக்கறேன், வர மாட்டேங்குது, யாரு இவ்வளவு இறுக்குனது, எந்த மகராசன், அவன் கை என்ன கையா கிரேனா, முதுகை சாக்குல அழுத்திக்கிட்டு இன்னொரு இழுப்பு, டக்குனு ஒரு சத்தம், நட்டு முறிஞ்சுதா இல்ல கழண்டுச்சா, கழண்டுதான் இருக்கு, அப்பாடா. விரலால சுத்தறேன். கடைசிப் புரி விட்டதும் ஆயில் வெதுவெதுப்பா மணிக்கட்டு வரைக்கும் வழிஞ்சு முழங்கைக்குள்ள போகுது. சூடா இருந்தாத்தான் நல்லா வடியும்னு மதியமே கே.கே.நகர் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தேன், ஒரு தடவை கூடக் கத்தலை, வந்து சொன்னா "ஓடி ஓடி சூடானதும் விழும், ஜில்லுன்னு இருந்தா கத்தும், உனக்கென்ன தெரியும்"னுச்சு. சரி, எனக்கென்ன தெரியும். பேசின்ல கறுப்பா நூல் மாதிரி இறங்குது. அந்த வாசனை. அழுகுன முட்டையும் பூண்டும் கலந்த மாதிரி ஒரு நாத்தம், மூஞ்சியைத் திருப்பணும்னு தோணணும், எனக்கு என்னமோ பின்சீட்டு ஞாபகம் வருது, பின்சீட்டுல இந்த நாத்தம் கெடையவே கெடையாது, அங்க எலுமிச்சை வாசனை டப்பா, ரெக்சின் சீட்டு வெயில்ல வேகற வாசனை, அதுக்கு மேல முன்னாடி உக்காந்திருக்கற பொம்பளைங்க தலையில இருந்து மல்லிப்பூவும் பயத்துல வேர்க்கற வேர்வையும். பயத்துல வேர்க்கறது தனி வாசனை, எனக்கு ரெண்டாங்கிளாஸ்லயே தெரியும். அப்பாவுக்குத் திருப்பூர்ல வேலை, ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போற ஆளு, வந்தாலும் பக்கத்து சீட்டுதான், அவருக்கு ஸ்டியரிங்னா ஆகாது. அதனால ஸ்கூல் விட்டா நேரா அம்மா வண்டி, அம்மாவோட சாயந்தர கிளாஸ், நான் பின்சீட்டு. வளர்மதி மகளிர் டிரைவிங் ஸ்கூல். மேல மஞ்சள் போர்டு, முன்னாலயும் பின்னாலயும் சிவப்புல எல். அந்த எல்லுக்குப் பின்னாடி உக்காந்துதான் நான் வாய்ப்பாடு எழுதுனேன், வண்டி குலுங்கிக் குலுங்கி நின்னா என் ஏழு எட்டாயிடும், எட்டு பாம்பாயிடும், மிஸ் கேட்டா கார்ல எழுதுனேன்னு சொல்லுவேன், பெருமையா, பணக்காரி மாதிரி.

கமலவேணி டீச்சர்னு ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தாங்க, ரிட்டயர் ஆகப் போற நேரத்துல கத்துக்க வந்தாங்க, வண்டி அணைஞ்சு போனா "ஏய், எந்திரி!"ன்னு டேஷ்போர்டைத் தட்டுவாங்க, கிளாஸ்ல தூங்குற பையனை எழுப்பற மாதிரி, அம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கும், நான் பின்னாடி வாயைப் பொத்திக்குவேன். ஷகிலா அக்கா, நர்ஸு, நைட் டூட்டி பாத்துட்டுப் பகல்ல சரியா தூங்காம வருவாங்க, சிக்னல்ல நின்னா தூங்கிடுவாங்களோன்னு அம்மா கதை கேட்டுக்கிட்டே வரும். ஒரு கல்யாணப் பொண்ணு, மாப்பிள்ளை வீட்டுல கார் குடுக்கறாங்க, ஆனா இவ வீட்டுல இவளுக்கு ஓட்டத் தெரியும்னு பொய் சொல்லிட்டாங்க, அழுதுக்கிட்டே ரிவர்ஸ் எடுப்பா. எல்லாருக்கும் அம்மா ஒரே பேருதான் வெச்சிருந்துச்சு, தங்கம். "கிளட்ச்சு தங்கம், கிளட்ச்சு, முழுசா, முழுசா." ஜி கார்னர் மைதானத்துல புழுதி பறக்க எட்டு போட்டுக்கிட்டு இருப்போம், நான் கண்ணை மூடிக்கிட்டு விளையாடுவேன், கியர் விழற சத்தத்தை வெச்சே யாரு ஓட்டறாங்கன்னு சொல்லிடுவேன், டீச்சர்னா கர்ர்ர், ஷகிலா அக்கான்னா ஒரு சின்ன க்ளிக்கு, கல்யாணப் பொண்ணுன்னா கர்ர், அப்பறம் ஒரு மூக்குறிஞ்சல். யாராவது "மேடம், உங்க வண்டி கியர் சரியில்ல"ன்னு சொல்லிட்டா மட்டும் அம்மாவுக்கு மூஞ்சி மாறிடும். கத்தாது. மெதுவாத்தான் சொல்லும். "வண்டி மேல பழி போடாத தங்கம். கியர் கத்துதுன்னா தப்பு கியர்ல இல்ல. உன் கால்ல." அதைக் கேட்டதும் அந்தப் பொம்பளைங்க எல்லாம் குனிஞ்சு தங்களோட காலையே பாப்பாங்க, என்னமோ அது வேற யாரு காலோ மாதிரி. அம்மா உக்கார்ற பக்கத்து சீட்டுக்குக் கீழயும் ஒரு கிளட்ச்சு ஒரு பிரேக் உண்டு, ரெண்டு பக்கத்து கிளட்ச்சும் ஒரே கம்பியில கட்டுனது, இங்க மிதிச்சா அங்க இறங்கும், அங்க மிதிச்சா இங்க இறங்கும். பின்சீட்டுல நடுவுல உக்காந்தா எனக்கு அது தெரியும். டீச்சர் கால் பாதியில நிக்கும், அம்மாவோட இடது கால் மீதியை மிதிச்சு முடிச்சுடும், கியர் சத்தமில்லாம விழும். "பாத்தீங்களா, வந்துடுச்சு!"ன்னு அம்மா கை தட்டும். டீச்சரு முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, ஸ்கூல் மொத்தமும் பாஸான மாதிரி. நான் அந்த ரகசியத்தை யாருக்கும் சொன்னதில்ல. இவ்வளவு பெரிய வாயை வெச்சுக்கிட்டு அதை மட்டும் சொன்னதில்ல.

எனக்கு மட்டும் அம்மா மிதிக்கலை. அதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். பதினெட்டு முடிஞ்சதும் நான் ஓட்ட உக்காந்தேன், மன்னார்புரம் ரவுண்டானா, பின்னாடி டவுன் பஸ்ஸு ஹாரனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறான், பக்கத்துல ஷேர் ஆட்டோக்காரன் தலையை வெளிய நீட்டி "பாப்பா, எறங்கித் தள்ளட்டுமா?"ங்கறான், வண்டி அணையுது, போடறேன், அணையுது, செகண்டு கர்ர்னு கத்துது, எனக்குக் கண்ணெல்லாம் எரியுது, அம்மா ரெண்டு காலையும் பெடல்ல இருந்து எடுத்துப் பின்னாடி இழுத்து வெச்சுக்கிட்டு ஜன்னல் வழியா கரும்பு ஜூஸ் கடையைப் பாத்துக்கிட்டு இருக்குது. கரும்பு ஜூஸ் கடை! வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கத்துனேன், ஊரு பேரு தெரியாதவளுக்கெல்லாம் மிதிச்ச, பெத்த பொண்ணுக்கு ஏன் மிதிக்கலை, இது என்ன நியாயம், இதுக்கு எந்தச் சட்டத்துல இடம் இருக்கு? அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டே சொல்லுச்சு, "அவங்க எல்லாம் பயந்துக்கிட்டு வர்றவங்க, ஒரு தடவை நல்லா விழுந்தா அடுத்த நாளும் வருவாங்க. நீ எப்படியும் வருவ. சண்டை போடறதுக்காகவாவது வருவ." நான் ஒரு வெண்டைக்காயை எடுத்துக் கடிச்சேன், பச்சையா, வழவழன்னு. அப்ப அம்மா தரையில உக்காந்து அருவாமணையில நறுக்கிக்கிட்டு இருந்துச்சு. காலை ஒண்ணை மடக்கி ஒண்ணை அருவாமணை மேல போட்டு. அதை எதுக்கு இப்ப நினைக்கறேன். ஆயில் நூலா இருந்தது சொட்டாயிடுச்சு. சொட்டு, சொட்டு, நடுவுல ஒரு ஏமாத்து, நின்னுடுச்சுன்னு நினைச்சா இன்னொரு சொட்டு.

நட்டு முனையில ஒரு காந்தம் இருக்கும், கியர் தேஞ்சு விழற இரும்புத்தூளை அது புடிச்சு வெச்சுக்கும், துணியில தொடைச்சுப் பாக்கறேன், கறுப்பு மாவு மாதிரி கொஞ்சம், விபூதி அளவு, அவ்வளவுதான். விரல்ல தேச்சுத் தேச்சுப் பாக்கறேன், ஒரு துண்டு இல்ல, ஒரு பல்லு இல்ல. கியர்பாக்ஸ் செத்துப் போச்சுன்னாங்களே, பொணம் எங்க? எனக்குத் தாங்க முடியலை, படுத்துக்கிட்டே கத்தறேன், "அம்மா! இங்க வந்து பாரு! துண்டு துக்கடா எதுவும் இல்ல! பாக்ஸு தங்கமா இருக்கு!" செருப்பு சத்தம். படி இறங்கற சத்தம், ஒண்ணு, அப்பறம் கொஞ்சம் நேரம் கழிச்சு இன்னொண்ணு. அம்மா குனிஞ்சு பாக்கலை, நின்னுக்கிட்டேதான் பேசுது, எனக்குத் தெரியறது செருப்பும் நைட்டி ஓரமும்தான். "தூளு விழுந்தாத்தான் வியாதியா?" "பின்ன என்னங்கற?" "உள்ளுக்குள்ள தேஞ்சிருக்கும்டி. வெளியத் தெரியாது. நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும்." "இதென்னம்மா சாட்சி? தேஞ்சிருந்தா தூளு எங்க போச்சு, நீ அள்ளித் திங்குறியா?" "வாயைப் பாரு வாயை, இவளை எவன் கட்டிக்குவானோ." "அவன் தலையெழுத்து அது. நீ பேச்சை மாத்தாத." அம்மா பானட் பக்கம் நகந்துச்சு. "புது ஆயில் ஊத்தணும்ல, நான் மேல இருந்து ஊத்தறேன், நீ கீழ பாத்துச் சொல்லு"ன்னுச்சு. கீழ் நட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்குனேன். பானட் தொறக்கற சத்தம். புனலை வெச்சு, டியூபை இறக்கி விட்டுச்சு, நான் அதோட நுனியைப் புடிச்சு மேல் ஓட்டைக்குள்ள சொருகுனேன்.

கியர் ஆயில் தேன் மாதிரி கெட்டி, அவசரப்பட்டா புனல்ல நிரம்பி மேல வழியும், மெதுமெதுவாத்தான் ஊத்தணும், ஓட்டை விளிம்பு வழியா ஒழுக ஆரம்பிச்சா போதும்னு அர்த்தம், அதுதான் அளவு. நான் ஓட்டையையே பாத்துக்கிட்டு இருக்கேன். "போதுமா?" "இன்னும்." "போதுமா?" "ஊத்தும்மா, சொல்றேன்ல." அம்மா பாரத்தை மாத்தி மாத்தி நிக்குது, வலது கால்லயே நிக்குது, இடது கால் செருப்புல பாதி தரையில பாதி, ஒரு விரல் மட்டும் தரையைத் தொட்டுக்கிட்டு. எட்டி ஊத்தறதுக்காக பானட் மேல சாஞ்சுச்சு, நைட்டி ஒரு பக்கமா ஏறுச்சு, நான் ஓட்டையில இருந்து கண்ணை எடுத்தது ஒரே ஒரு நொடி. இடது முட்டியில தோல் கலர்ல ஒரு உறை, முட்டி வலிக்கு மாட்டறது. இறுக்கமா. உறைக்கு மேலயும் கீழயும் சதை வீங்கிப் பிதுங்கி நிக்குது. பழைய உறை, ஓரமெல்லாம் நூல் பிரிஞ்சிருக்கு, இன்னைக்கு நேத்து வாங்குனது இல்ல. வீட்டுல நின்னு பாத்தா தெரியாது, பக்கத்துல உக்காந்தா தெரியாது, இப்படி வண்டிக்கு அடியில மல்லாந்து கெடந்தாத்தான் தெரியும். "போதுமா?"ன்னு அம்மா கேக்குது. எனக்கு வாய் வரலை. எனக்கு. வாய் வரலை. "ஏய், தூங்கிட்டியா?" "இல்ல. ஊத்து."

அருவாமணை எப்ப பரண்ல போச்சு? போன தீபாவளிக்கு முன்னாடியா? அப்ப இருந்து மேஜையில நின்னுக்கிட்டு கத்தியில நறுக்குது, நான்தான் கேலி பண்ணுனேன், பெரிய சமையல் சேனல் ஆளுன்னு நினைப்பான்னு. வாசல்ல ஸ்டிக்கர் கோலம் ஒட்டுச்சு, சோம்பேறின்னு சொன்னேன். கீழ் ஷெல்ஃபுல இருந்த மாவு டப்பா எல்லாம் மேல வந்துச்சு, எறும்பு வருதுன்னு சொல்லுச்சு, எங்க எறும்பு, ஒரு எறும்பைக் கூட நான் பாக்கலையே, பாக்கலைங்கறது கூடத் தோணலையே. இப்ப எல்லாரும் ஆட்டோமேட்டிக் வண்டிதான் கேக்கறாங்க, என்கிட்ட யாரு வர்றாங்கன்னு சொல்லி போர்டைக் கழட்டுச்சு, பொய், ஷகிலா அக்காவோட பொண்ணே வந்து கேட்டுட்டுப் போச்சே. நான் சாட்சியை எல்லாம் கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிண்டல் சொல்லித் திருப்பி வெச்சிருக்கேன். நான் ஓட்டுனா கத்தலை. மதியம் கத்தலை, போன வாரம் கத்தலை, அன்னைக்கு மழையில ஜில்லுன்னு எடுத்தப்பவும் கத்தலை. அம்மா ஓட்டுனா மட்டும் கத்துது. பாதியில நிக்குது அந்தக் கால். ஊரு பூரா இருக்கற பொம்பளைங்களுக்காக, நான் வாய்ப்பாடு எழுதுன நாள்ல இருந்து, கீழ இருக்கற அந்த ரெண்டாவது கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு, அவங்க எல்லாரும் மிதிக்காம விட்ட மீதியை எல்லாம் மிதிச்சு முடிச்ச கால். தேஞ்சது கியர் இல்ல. எனக்கு இப்ப ஒரு வாக்கியம் போதும். ஒரே வாக்கியம். தப்பு கியர்ல இல்லம்மா, உன் கால்ல. அம்மாவோட சொந்த வாக்குமூலம், எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது, கேஸ் முடிஞ்சது, வண்டி நம்ம வண்டி. நாக்கு நுனியில வந்து நிக்குது. இனிக்குது கூட, வெட்கமே இல்லாம, ஜெயிக்கிற வாக்கியம் இனிக்கத்தான் செய்யும். சொல்லிட்டா அப்பறம்? நான் ஓட்டறேன் நீ பக்கத்துல உக்காருன்னு சொல்லலாம். அடுத்த வருஷம் நான் சென்னையில எவனோ ஒரு சீனியர் வக்கீலுக்கு ஃபைல் தூக்கிக்கிட்டு இருப்பேன், வண்டி இங்க நிக்கும், டயர்ல காத்து இறங்கி, மேல வேப்பம்பூ கொட்டி, அம்மா தினமும் கதவைத் தொறந்தா முதல்ல அது மூஞ்சியிலதான் முழிக்கணும். வண்டி மேல பழி போடாதன்னு ஊருக்கே சொன்ன மனுஷி, வண்டி மேல பழி போட்டுட்டு நிக்குது. அது எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்ன பொய்யா இருக்கும். நான் அதை இட்லித் தட்டுக்கு மேல வெச்சுக் குறுக்கு விசாரணை பண்ணியிருக்கேன். ஓட்டை விளிம்புல ஆயில் எட்டிப் பாக்குது, தங்க நிறத்துல ஒரு துளி, உருண்டு, விழுந்து, என் கழுத்துல. "போதும்மா. போதும்." "சரியா பாத்தியா?" "பாத்துட்டேன்."

நட்டை மாட்டி, துடைச்சு, ஸ்டாண்டுகளை எடுத்து வண்டியைக் கீழ இறக்கி, துணி சோப்புத் தூளைப் போட்டுக் கையைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போதே அம்மா சாவியோட வந்து நின்னுச்சு. புடவைக்கு மாறியிருந்துச்சு. பொட்டு வெச்சிருந்துச்சு. கிளாஸுக்குக் கிளம்பற மாதிரியே இருந்துச்சு, எனக்கு ஒரு நொடி ஸ்கூல் பையை எங்க வெச்சேன்னு தேடத் தோணுச்சு. டிரைவர் கதவுப் பக்கம் போச்சு, நான் குறுக்க போய்க் கையை நீட்டுனேன். "குடு சாவியை, நான்தான் ஓட்டுவேன்." "நான் ஓட்டிப் பாக்கறதுன்னுதானே பேச்சு?" "ஆயிலை மாத்துனது யாரு? நான். எனக்குத்தான் முதல் ரவுண்டு. நீ அந்தப் பக்கம் உக்காரு, உன் சீட்டுல." "இதுக்கும் சண்டையா?" "இதுக்கும்தான்." அம்மா சாவியைக் குடுத்துச்சு. சுத்தி அந்தப் பக்கம் போறப்ப பானட்டைப் புடிச்சுக்கிட்டே போச்சு, நான் கண்ணாடியைத் துடைக்கற மாதிரி வேற எங்கயோ பாத்தேன். காலைத் தூக்கி உள்ள வைக்கறதுக்குக் கையால முட்டிக்குக் கீழ ஒரு தாங்கு தாங்குச்சு, அப்பவும் நான் கண்ணாடியையே துடைச்சேன். ஸ்டார்ட் பண்ணேன். ஃபர்ஸ்ட்டு, சத்தமே இல்ல, தெரு தாண்டி சுப்ரமணியபுரம் மெயின் ரோட்டுல திரும்பற வரைக்கும் ஃபர்ஸ்ட்டுலயே உருட்டிக்கிட்டு வந்தேன். "செகண்டு போடு"ன்னுச்சு அம்மா, கிளாஸ் குரல்ல. என் இடது கால் எத்தனையோ வருஷப் பழக்கத்துல பின்சீட்டுல இருந்தே கேட்டுக் கேட்டுப் பழகுன கால், முழுசா, முழுசான்னு அதுபாட்டுக்கு இறங்கப் பாக்குது, நான் அதைப் பாதியில புடிச்சு நிறுத்தறேன், என் உடம்பை நானே கழுத்தைப் புடிச்சு நிறுத்தற மாதிரி, கியர் கம்பியை இழுக்கறேன். கர்ர்ர்ர். ரோட்டோரத்துல பூ கட்டற அம்மா நிமிந்து பாத்துச்சு. பல்லு கூசுச்சு எனக்கு. மன்னிச்சுக்கோ வண்டி. அம்மா என்னைப் பாக்கலை. குனிஞ்சு கீழ பாத்துச்சு. அங்க அதோட பக்கத்து கிளட்ச்சு பெடல் பாதி வரைக்கும் இறங்கி நிக்குது, முழுசா இறங்காம, பாதியில.

அம்மா ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் ரோட்டைப் பாத்துச்சு. "இன்னொரு தடவை போடு." போட்டேன், அதே பாதி, அதே கர்ர்ர். "ம்"னுச்சு. "ஆயில் மாத்தியும் இப்படித்தானே கத்துது?" "ஆமாம்மா." "நான் சொன்னேன்ல." "சொன்ன." ஓரமா நிறுத்தச் சொல்லுச்சு, நிறுத்துனேன், பையில இருந்து ஃபோனை எடுத்துச்சு, சேவியர் நம்பரைத் தேடறதுக்குக் மூக்குக் கண்ணாடி இல்லாம கையை நீட்டி நீட்டிப் பாத்துச்சு, நான் ஃபோனை வாங்கி நம்பரைப் போட்டுக் குடுத்தேன். "சேவியரா? வளர்மதி பேசறேன். வாங்க, வந்து வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க." அந்தப் பக்கம் அவரு என்னமோ கேக்கறாரு, கியர்னு மட்டும் எனக்குக் காதுல விழுந்துச்சு. அம்மா வெளிய பாத்துக்கிட்டே, என் பக்கம் திரும்பாமலே, நிதானமா சொல்லுச்சு, "கியரா? கியருக்கு ஒரு கொறையும் இல்ல. என் பொண்ணு இன்னைக்குத்தான் ஆயில் மாத்தியிருக்கா. செகண்டு வெண்ணெய் மாதிரி விழும். யாரு ஓட்டுனாலும் விழும்." ஃபோனை வெச்சுடுச்சு. பையில போட்டு ஜிப்பை இழுத்து மூடுச்சு. நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு நேரா பாத்துக்கிட்டு இருந்தேன், எதிர்ல ஒரு டவுன் பஸ்ஸு திரும்பிக்கிட்டு இருந்துச்சு, அது திரும்பி முடியற வரைக்கும் ரெண்டு பேருக்கும் அதைப் பாக்கறது ஒரு வேலையா இருந்துச்சு. "எடு, வீட்டுக்குப் போகலாம்"னுச்சு அம்மா. வண்டியை எடுத்தேன். கிளட்ச்சை முழுசா மிதிச்சு செகண்டு போட்டேன், தேர்டு போட்டேன், திரும்பறப்ப மறுபடி செகண்டு போட்டேன். ஒண்ணு கூட சத்தம் போடலை. ரெண்டு பேரும் கேக்காத மாதிரியே உக்காந்துக்கிட்டு வந்தோம்.